பேச்சி ஏறிப்போன வெள்ளிமலை பஸ்

கள்ளக்குறிச்சியில் ஓர் இரவு தங்கிவிட்டு, விடிந்ததும் திருவண்ணாமலைக்குக் கிளம்புவது என்பதுதான் எங்கள் எண்ணம். அந்த ஊரில் எழுதும்படி எதுவும் நடக்கும் என்று நாங்கள் நினைக்கவில்லை. நடந்துவிட்டது. எங்கள் குலதெய்வம் பேச்சியின் அருளால் இப்போது உட்கார்ந்து எழுத முடிகிறது.

நான் புனேவில் இட்லிக் கடை வைத்திருப்பவன். பிறந்தது கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல்காட்டு ஊர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. புனேவில் எங்கள் காலனியில் ஊர்க்காரர்கள் பலர் குடும்பத்தோடு இருக்கிறோம். எல்லோருக்கும் குலதெய்வம் பேச்சியம்மன். வருடா வருடம் கொடைத் திருவிழாவுக்கு ஊர் வர முடிவதில்லை. அதனால் ஊரிலிருந்து பிடிமண் கொண்டுவந்து காலனியிலேயே அவளுக்கு ஒரு பீடம் வைப்போம் என்று பேசி முடித்தோம். பீடம் கட்டிச் சுண்ணாம்பும் அடித்தாகிவிட்டது. மண் போய்ச் சேரவேண்டியதுதான் பாக்கி.

சாமி இருக்கிற இடத்து மண்ணை ஒரு பிடி அள்ளி, செம்பில் போட்டு, மஞ்சள் துணியால் வாய் கட்டிக் கொண்டுபோவதுதான் பிடிமண். அந்த மண்ணில் சாமியும் கூடவே வரும். இதற்கு ஒரே ஒரு கட்டு உண்டு. வழியில் எங்கேயும் செம்பைத் தரையில் வைக்கக் கூடாது. வைத்தால் வைத்த இடத்திலேயே சாமி தங்கிவிடும். பிறகு அவளை அசைக்க முடியாது. இதை எங்கள் ஊரில் யாரும் விளையாட்டாகச் சொல்வதில்லை. பக்கத்து ஊர்ச் சுடலைமாடன் நடு ஓடையில் நிற்பதற்கு அதுதான் காரணம். தூக்கிவந்தவர் கால் கழுவுவதற்காக ஒரு நிமிடம் இறக்கிவைத்தாராம்.

எங்களுக்கு வேறொரு கவலையும் இருந்தது. புனேவில் இருக்கும் மகள் வள்ளிக்கு ஏழாம் மாதம். முன்னால் இரண்டு தடவை தங்காமல் போயிருக்கிறது. பேச்சி பிள்ளைத்தாய்ச்சிகளுக்குத் துணை நிற்பவள். மகளுக்கு வலி வருவதற்கு முன்னால் அவளைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்கார்த்திவிட வேண்டும் என்று என் மனைவி சொர்ணம் ராத்திரி பகலாக வேண்டிக்கொண்டிருந்தாள்.

ரயிலில் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். மண் எடுத்த அன்று சாமியாடி அருள் வந்து, "ரயில்ல வேண்டாம். ஊர் ஊரா எனக்குக் காட்டிக் கூட்டிட்டுப் போ" என்று சொல்லிவிட்டார். சாமி ஆசைப்பட்டால் நாம் என்ன சொல்வது? எனவே பஸ் மாறிப் பஸ் மாறி, ஊர் தங்கி ஊர் தங்கி வந்துகொண்டிருந்தோம். மருமகன் வாங்கிக் கொடுத்த பெரிய முதுகுப் பைகள் இரண்டு. மலையேறுகிற காலேஜ் பிள்ளைகள் மாட்டிக்கொண்டு திரிவார்களே, அந்த மாதிரி. செம்பு மட்டும் என் கழுத்தில் துணித் தூளியில் தொங்கும். சாப்பிடும்போது சொர்ணத்தின் மடி. தூங்கும்போது எங்காவது ஓர் ஆணி.

கள்ளக்குறிச்சியில் இறங்கியபோது பொழுது சாய்ந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு லாட்ஜ். மேனேஜர் எங்கள் பைகளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சார், கல்வராயன் மலைக்கா? ட்ரெக்கிங்கா? இந்த வயசுலயா?"

"இல்லைங்க. திருவண்ணாமலை போறோம்."

"அப்ப கிரிவலமா. கழுத்துல இன்னா தூளி? கொயந்த மாரி கட்டிக்கினு வர்றீங்க?"

சொன்னேன். உடனே செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்று கும்பிட்டார். அப்புறம் அவரே சுத்தியலோடு மாடிக்கு வந்து, அறைச் சுவரில் புதிதாக ஓர் ஆணி அடித்துக் கொடுத்தார். "ஃபேன் கொக்கில மாட்டாதீங்க. சாமிக்குத் தல சுத்தப் போவுது" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர்.

ராத்திரிச் சாப்பாடு தெருமுனைத் தள்ளுவண்டியில். ஊரில் விரதம் பிடித்துக் கிளம்பியவர்கள் என்பதால் வழியெல்லாம் இட்லிதான். தொழில் அதுவே என்பதால் எந்த ஊர் இட்லியானாலும் முதலில் மோந்து பார்ப்பது என் பழக்கம். கடைக்கார அம்மா அதைக் கவனித்துவிட்டார்.

"இன்னாங்க, துன்றதுக்கு முன்ன மோந்து பாக்கறீங்க? நேத்து மாவுன்னு நெனச்சிக்கினீங்களா?"

"இல்லம்மா, நானும் இட்லிக் கடைதான்."

"அப்படின்னா காசு ஜாஸ்தி வாங்கணும். ரகசியம் பாக்க வந்துகிறீங்க!"

உண்மையில் மாவு நன்றாக இருந்தது. உளுந்து தாராளம். பூண்டுச் சட்னி கண்ணில் தண்ணீர் வரவைத்தது. புனேவில் சாம்பாரில் சர்க்கரை போடு என்று கேட்பார்கள். இருபது வருடமாகப் போட்டுப் போட்டு என் நாக்கே மழுங்கிவிட்டது. அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன். நிம்மதி அந்த ராத்திரியோடு சரி.

மறுநாள் விடிந்ததிலிருந்து தூறல். செம்பு நனையக் கூடாது என்று தூளியோடு சேர்த்து என் முதுகுப் பைக்குள் வைத்து, பையை முன்பக்கமாக நெஞ்சோடு மாட்டிக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டு முழுக்கக் குடையும் ஈரமும் கூட்டமும். திருவண்ணாமலை பஸ் வர நேரமாகும் என்றார்கள். எனக்கு அவசரமாக ஒதுங்க வேண்டியிருந்தது. கழிப்பறைக்குள் சாமியைக் கொண்டுபோக முடியாது. பையைக் கழற்றிச் சொர்ணத்தின் நெஞ்சில் மாட்டிவிட்டேன். முதுகில் அவள் பை, முன்னால் பேச்சி.

"தரையில வச்சிராதே" என்றேன்.

"எனக்குத் தெரியாதாக்கும்? சோலியப் பாத்துட்டு சீக்கிரம் வாங்க."

நான் உள்ளே இருந்தபோதே அவள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. முப்பது வருடத்தில் சொர்ணம் என் பெயரைச் சொன்னது கிடையாது. பதறிப்போய் வெளியே வந்தேன்.

"ஓடியாங்க, பஸ் வந்துட்டு! எடம் போட்டாச்சு!"

அவள் முதுகில் பை இருந்தது. முன்னால் இல்லை.

"பை எங்கட்டி?"

"பஸ்ஸுல ஒரு அக்கா மடியில இருக்கு. வாங்க முதல்ல."

ஓடினோம். அவள் கைகாட்டிய இடம் காலியாக இருந்தது. ஈரத் தரையில் சக்கரத்தின் தடம் மட்டும் கிடந்தது.

நடந்தது இதுதான். திருவண்ணாமலை என்று போர்டு போட்ட பஸ் ஒன்று வந்து நின்றிருக்கிறது. நின்றதும் நாலாபுறமிருந்தும் ஜனம் பாய்ந்திருக்கிறது. சன்னலுக்குள் துண்டு போடுகிறவர்கள், கூடை தள்ளுகிறவர்கள். இரண்டு பைகளோடு தவித்த சொர்ணத்தைப் பார்த்து, உள்ளே சன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண், "இன்னாமா, ரெண்டு மூட்டையோட எப்டி ஏறுவ? குடு இப்டி, மடியில வெச்சிக்கறேன். பக்கத்துல எடமும் போட்டுவெக்கறேன்" என்று கை நீட்டியிருக்கிறாள்.

பஸ்ஸில் நிற்பவரின் பையை உட்கார்ந்திருப்பவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்வது நம் பக்கத்தில் எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தானே. புனேவில் நான் இருபது வருடத்தில் ஒருமுறை கூட அதைப் பார்த்ததில்லை. சொர்ணமும் யோசித்துத்தான் செய்திருக்கிறாள். கூட்டத்துக்குள் பேச்சியோடு புகுந்தால் நசுங்கும், கை தவறினால் கீழே விழும். ஒரு பொம்பளை மடியைவிடப் பத்திரமான இடம் ஏது? சன்னல் வழியாகப் பையைக் கொடுத்துவிட்டு என்னைக் கூப்பிட ஓடிவந்திருக்கிறாள். அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

நேரக்காப்பாளர் அறைக்கு ஓடினோம்.

"திருவண்ணாமலை வண்டியா? அது இன்னும் வரவே இல்லியேமா."

"நான் போர்டு பாத்தேங்க!"

வாசலில் கூடை வைத்து வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்த அம்மா தலையை நீட்டினார். "அது வெள்ளிமலை வண்டி சார். காலையில திருவண்ணாமல போய்ட்டு வந்துச்சி. போர்டு மாத்தாமயே மலைக்குப் பூட்டான்."

நேரக்காப்பாளர் நடத்துநருக்குப் போன் போட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டபோது தொடர்பு எல்லைக்கு வெளியே என்று சொன்னது. மலைக்குப் போனால் சிக்னல் கிடைக்காதாம். அடுத்த வெள்ளிமலை பஸ் மத்தியானம்தான்.

"பையில இன்னா? நகையா?"

"மண்ணுங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். வேர்க்கடலை அம்மாவுக்குத்தான் புரிந்தது. நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். "ஐயோ, கீய தரையில வெச்சிட்டா?" என்றார். நான் பயந்ததை அவர் வாய்விட்டுச் சொன்னதும் சொர்ணம் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அந்த அம்மாவே எழுந்துபோய், மரவள்ளிக் கிழங்கு ஏற்றிவர மலைக்குப் போகிற ஒரு மினி லாரிக்காரரைத் தேடிப் பிடித்துவந்தார். வண்டிக்காரர் பெயர் ஏழுமலை. டயருக்குக் காற்றடித்து, டீ குடித்து, யாரிடமோ சண்டை போட்டு முடித்து அவர் கிளம்புவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

மூன்று பேரும் முன் சீட்டில் நெருக்கி உட்கார்ந்தோம். ஏழுமலை வாய் ஓயாதவர்.

"சாமி பஸ்ல போவுது. பக்தர் லாரில தொரத்திக்கினு போறீங்க. எங்க வண்டிக்கு இப்டி ஒரு சவாரி இதுவரைக்கும் வந்ததில்ல!"

நாங்கள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் குரலை இறக்கினார். "கவலப்படாதீங்க. மலையாளிங்க பிறத்தியார் பொருள தொடமாட்டாங்க." அங்கே மலைவாசிகளை மலையாளிகள் என்கிறார்கள். கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மலையை ஆள்பவர்கள் என்று அர்த்தம் சொன்னார்.

"எடுத்துக்குவாங்கன்னு பயமில்லண்ணே. எறக்கி வச்சிருவாங்கன்னுதான் பயம்" என்றாள் சொர்ணம்.

கச்சிராயபாளையம் தாண்டும்போது வள்ளி போன் செய்தாள். தினமும் அந்த நேரத்துக்குச் செய்வாள்.

"அம்மா, எங்க இருக்கீங்க? ஏறியாச்சா? பேச்சி எப்படி இருக்கா?"

சொர்ணம் தன் வெறும் மடியைப் பார்த்தாள். "மடியிலதான் இருக்கா. நீ வேளைக்குச் சாப்பிட்டியா? பாத்து நட" என்றாள். போனை வைத்ததும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். ஏழுமலை வண்டியின் வேகத்தைக் கூட்டினார்.

கோமுகி அணை வலதுபுறம் தெரிந்தது. தூறலில் தண்ணீரும் வானமும் ஒரே நிறம். வேறொரு நாளாக இருந்தால் இறங்கி ஒரு முழுக்குப் போட்டிருப்பேன். அதன்பின் மலை வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எனக்குத் தோன்றியது ஒன்றே: இந்த வளைவில் பஸ் சாய்ந்திருக்கும், பை மடியிலிருந்து நழுவியிருக்கும். பஸ்ஸின் தகரத் தரை பூமியில் சேர்த்தியா, இல்லையா? இதைச் சாமியாடியிடம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லையே என்று என்னையே திட்டிக்கொண்டேன். தெரிந்த துதிகளையெல்லாம் சொன்னேன். பாதியில் வரிகள் மறந்துபோயின.

பாதி மலையில் எதிரே ஒரு பஸ் இறங்கி வந்தது. ஏழுமலை ஹாரன் அடித்து, ரோட்டுக்குக் குறுக்கே வண்டியை நிறுத்திவிட்டார். முன்கண்ணாடியில் இன்னமும் திருவண்ணாமலை போர்டு. நான் குதித்து ஓடினேன்.

நடத்துநர் இளவயதுப் பையன். "நீலப் பையா? அது சின்னப்பொண்ணக்காகிட்ட கீது. நான் டிக்கெட்டு போட வந்தப்ப ஆள் ஏறலன்னு சொன்னாங்க. 'பைய வண்டியிலயே வுட்டுட்டு எறங்குங்க, டிப்போல குடுத்துடறேன்'னேன். 'ஆயிரம் பேரு ஏறி எறங்கற வண்டில வுடமாட்டேன், அந்தம்மா தேடிக்கினு வரும், வூட்டாண்ட வந்து வாங்கிக்கட்டும்'னுட்டு எடுத்துக்கினு கரியாலூருக்கு முந்தின ஸ்டாப்புல எறங்கிட்டாங்க."

"எடுத்துட்டுன்னா, எப்படி? கையிலயா, தலையிலயா?"

அவனுக்கு நான் கேட்டது புரியவில்லை. "தலையில அரிசி மூட்ட, இடுப்புல கோயிக்குஞ்சிக் கூட. பைய எங்க வெச்சாங்கன்னு நான் பாக்கலீங்க" என்றான்.

அந்த நிறுத்தத்தில் எங்களை இறக்கிவிட்டு, கிழங்கு ஏற்றிக்கொண்டு திரும்பும்போது கூட்டிக்கொள்வதாகச் சொல்லி ஏழுமலை போனார். சின்னப்பொண்ணு வீட்டுக்கு வழி கேட்டு நடந்தோம்; பாதை மரவள்ளிக் காட்டுக்கு நடுவே போனது. செம்மண், சறுக்கல். மழையில் கடுக்காய் மரங்களிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது. எங்கள் கரிசல் காட்டில் இப்படி ஒரு ஈரத்தை நாங்கள் பார்த்ததில்லை. சொர்ணம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினாள்.

தூரத்திலேயே தெரிந்தது. ஓர் ஓட்டு வீட்டின் முன்னால் பலா மரம். மரத்தைச் சுற்றி ஏழெட்டுப் பேர் எட்ட நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் கையில் குச்சியோடு ஆடுகளை விரட்டிக்கொண்டிருந்தார். எல்லோர் கண்ணும் தரையில் கவிழ்த்துவைத்திருந்த ஒரு முறத்தின் மேல். பக்கத்தில் என் நீலப் பை வாய் திறந்து கிடந்தது.

"வந்துட்டியா தாயி!" என்று ஒரு பெண் ஓடிவந்து சொர்ணத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள்தான் சின்னப்பொண்ணு. ஐம்பது வயது இருக்கும். "பையில போன் நம்பரு எதுனா கீதான்னு தொறந்து பாத்தேன். மஞ்சத்துணி, வேப்பில, செம்பு. வெளிய எடுத்து வெச்சதுக்கு அப்பாலதான் தோணுச்சி, இது சாமியாச்சேன்னு. எடுக்கவும் பயம், வுடவும் பயம். மழ வேற. மொறத்தப் போட்டு மூடிட்டு எல்லாரும் காவ நின்னுக்கினு கீறோம்."

சொர்ணம் முறத்தைத் தூக்கினாள். செம்பு தரையில் இருந்தது. அடிப்பாகம் செம்மண்ணில் ஒரு விரற்கடை பதிந்திருந்தது.

அங்கேயே உட்கார்ந்தேன். நெஞ்சுக்குள் புனே பீடம் வெள்ளையடித்து வெறுமையாக நின்றது. சொர்ணம்தான் அவர்களுக்கு விவரம் சொன்னாள். தரையில் வைத்தால் தங்கிவிடுவாள் என்றதும் சின்னப்பொண்ணு வாயைப் பொத்திக்கொண்டாள்.

குச்சி வைத்திருந்தவர் அவள் புருஷன் கோவிந்தன். அவருக்கு வந்தது கோபம்.

"இன்னா சொல்றீங்க? எங்க கொல்லையில வந்து குந்திக்கினாளா? யாரு பூச போடறது? எங்களுக்கு எங்க சாமி கீது. கெடா கேப்பாளா இவ?"

"கெடா கேக்கமாட்டா. பொங்கலும் சேவலும் போதும்" என்றாள் சொர்ணம், அழுதுகொண்டே.

"சேவலா! இவ இன்னிக்கிதான் குஞ்சி வாங்கியாந்தா!"

"யோவ், சாமி முன்னாடி இன்னா பேச்சு பேசற?" என்றாள் சின்னப்பொண்ணு. "தப்பு எம்மேல. நாந்தான் எறக்கி வெச்சேன்."

"இல்லக்கா, குடுத்தவ நானு" என்றாள் சொர்ணம்.

யார் தப்பு என்று பேசிக்கொண்டிருந்தால் ஆகாது, அவளிடமே கேட்டுவிடுவோம் என்று நான்தான் சொன்னேன். எங்கள் பக்கத்தில் சாமியிடம் பூக் கேட்பது உண்டு. அவர்கள் பக்கத்திலும் உண்டாம். வேலியிலிருந்து சிவப்புச் செம்பருத்தி ஒன்றும், வெள்ளை நந்தியாவட்டை ஒன்றும் பறித்துவந்தார்கள். இரண்டையும் தனித்தனியாகப் பலா இலையில் மடித்துச் செம்புக்கு முன்னால் வைத்தேன். வெள்ளை வந்தால் எங்களோடு வருகிறாள். சிவப்பு வந்தால் இங்கேயே இருக்கிறாள். நாங்கள் எடுத்தால் ஆசை கையை இழுக்கும். ஆகையால் கோவிந்தனை எடுக்கச் சொன்னேன்.

"நானா? எனக்கு இவ இங்க வேணவே வேணாம். அத மனசுல வெச்சிக்கினுதான் எடுப்பன்" என்றார்.

"அதனாலதாங்க உங்களை எடுக்கச் சொல்றேன்."

தலைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்தார். கை ஒன்றின் மேல் போய், திரும்பி மற்றொன்றை எடுத்தது. பிரித்தார். சிவப்பு.

நான் அழுதேன். ஆண்பிள்ளை அழுகிறானே என்று அங்கே யாரும் பார்க்கவில்லை. கோவிந்தன் அந்தப் பூவை என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டே நின்றார்.

சொர்ணம் செம்புக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிறாற்போலப் பேச ஆரம்பித்தாள்.

"ஏட்டி பேச்சி. இந்த மழையும் மரமும் பிடிச்சிப்போச்சாக்கும். இருந்துக்கோ. நான் வேண்டாம்னு சொல்லல. எம்மவளுக்கு என்ன பதில் சொல்லட்டும், அதையும் நீயே சொல்லு." பிறகு என் பக்கம் திரும்பினாள். முகம் மாறியிருந்தது.

"ஏங்க, நம்ம ஊர்ல அவ இருக்கிற எடத்துல இருந்துதானே ஒரு பிடி எடுத்தோம்?"

"ஆமா."

"எடுத்ததனால அவ அங்க இல்லாமப் போயிட்டாளா?"

"அது எப்படிப் போவா?"

"இப்ப இங்கயும் இருக்கா. அப்போ இங்க இருந்தும் ஒரு பிடி எடுக்கலாம்லா?"

எட்டாம் வகுப்புப் படித்த நான் நினைக்காததைப் பள்ளிக்கூடம் போகாத சொர்ணம் நினைத்துவிட்டாள் என்று எழுதினால் அவள் கோபித்துக்கொள்வாள். இது படிப்பு இல்லை, பேச்சியே அவள் வாயில் வந்து சொன்னது என்பதுதான் அவள் சொல்வது. நானும் அப்படியே நம்புகிறேன்.

செம்பின் வாயை அவிழ்த்தோம். எங்கள் ஊர்க் கரிசல் மண்ணைப் பலா மரத்தடியில், செம்பு பதிந்திருந்த அதே பள்ளத்தில் கொட்டினோம். செம்மண்ணுக்கு மேலே கருப்பாகச் சின்னக் குவியல். செம்பின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டதை அப்படியே விட்டுவிட்டோம். இனி இந்த இடத்து மண்ணை ஒரு பிடி அள்ளிப் போட வேண்டும். பிடிமண்ணை நாமாக எடுக்கக் கூடாது. இடத்துக்கு உரியவர் தன் கையால் கொடுக்க வேண்டும்.

கோவிந்தன் பின்வாங்கினார். "காலையிலன்னா இது என் கொல்ல. இப்ப அவ குந்திக்கினா. அவ எடம். நான் யாரு குடுக்க?"

"அவளா எந்திரிச்சி அள்ளித் தருவா?" என்றாள் சின்னப்பொண்ணு. "பூவ எடுத்த கை உன்னுதுதான? நீயே குடு."

அவர் போய்க் கைகால் கழுவிவிட்டு வந்தார். சிவப்புப் பூவைக் குவியலின் மேல் வைத்தார். முழங்காலிட்டு, கரிசலும் செம்மண்ணும் கலந்த இடத்தில் ஒரு பிடி அள்ளி, செம்புக்குள் போட்டார்.

"இன்னா சொல்லணும்?" என்று என்னிடம் கேட்டார்.

"மனசுல வர்றதைச் சொல்லுங்க."

"போய்ட்டு வா ஆத்தா" என்றார். யோசித்து, "அங்க போய் எங்களப் பத்தி கொற சொல்லாத" என்றார்.

சொர்ணம் புதிதாக மஞ்சள் துணி கட்டினாள். செம்பு மறுபடி என் கழுத்துத் தூளிக்கு வந்தது. ஊரில் மண் எடுத்தபோது இருந்ததைவிடக் கனமாகத் தெரிந்தது. ஈர மண் கனக்கத்தான் செய்யும். சின்னப்பொண்ணு வேகவைத்த மரவள்ளிக் கிழங்கும் மிளகாய்த் துவையலும் கொண்டுவந்து கொடுத்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மாவாக உதிர்ந்தது கிழங்கு. சொர்ணத்திடம் அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். எந்தக் கிழமை விளக்குப் போடுவது, மஞ்சளா குங்குமமா, தீட்டு நாளில் யார் தண்ணீர் தெளிப்பது, பொங்கலில் வெல்லம் உண்டா, இல்லையா. தன் போன் நம்பரைச் சொல்லி, சிக்னல் வேண்டுமென்றால் பாறை மேல் ஏறி நிற்கவேண்டும், அதனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிடு என்றாள்.

கீழே ரோட்டில் ஏழுமலையின் ஹாரன் கேட்டது. பலா மரத்தடியில் விழுந்து கும்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். உண்மையைச் சொன்னால், எனக்குப் பயம் முழுக்கப் போகவில்லை. செய்தது சரிதானா, ஊரில் சாமியாடி என்ன சொல்வார், புனேவில் நம்புவார்களா என்று நினைத்துக்கொண்டே செம்பை இரண்டு கைகளாலும் அணைத்தபடி மரவள்ளிக் காட்டுக்குள் இறங்கினேன்.

பின்னால் கோவிந்தனும் சின்னப்பொண்ணும் பேசுவது கேட்டது.

"நாளைக்கு வெடியசொல்ல யாரு சாணி தெளிக்கறது?"

"பூவ எடுத்தது யாரு? நீயே தெளி."

"கூட்டியாந்தது நீ!"

"குந்தவெச்சது நானு. இருன்னு சொன்னது உன் கை."

பிறகு கோவிந்தனின் குரல் வந்தது, இப்போது அவளிடம் இல்லை.

"ஏ ஆத்தா, பாத்துக்கினியா? மொத நாளே எங்களுக்குள்ள சண்ட மூட்டிட்ட. மழ நனையாத, இரு. மேல ரெண்டு தகரம் போடறேன்."